எத்தனை மணிக்குத் திரும்புவது?

போன வாரம் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒருவர் என்னை நிறுத்தினார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மகன் டிசம்பர் கடைசி வாரத்தில் கேதார்கண்டா பனிமலை ஏற்றத்துக்குப் பதிவு செய்திருக்கிறானாம், அப்பா அம்மாவையும் சேர்த்தே. "நீங்க போயிட்டு வந்தவராச்சே, என்ன பூட்ஸ் வாங்கறதுன்னு கேட்டுக்கலாம்னு பார்த்தேனுங்க" என்றார்.

பூட்ஸைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன். பிறகு, "எத்தனை மணிக்குத் திரும்பறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஜனவரி ரெண்டாந்தேதி ரயிலுங்க" என்றார்.

நான் கேட்டது அந்தத் திரும்புதல் இல்லை. நின்று விளக்க முடியவில்லை; பின்னால் வேகநடை வருகிறவர்கள் எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டு போனார்கள். அவருக்குச் சொல்ல விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குள் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

நம் வயதுக்காரர்கள் பனிமலை என்று வாயெடுத்தால் இரண்டு விதமான பேச்சு வரும். "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்குங்க?" என்பது ஒன்று. "உங்களால முடியும் சார், எழுபது வயசுக்காரரே ஏறிட்டாரு" என்பது இன்னொன்று. முதல் பேச்சைச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள், இரண்டாவதைக் கூட்டிப் போகிறவர்கள் பேசுவார்கள். இரண்டுமே வயதைப் பற்றிய பேச்சு. பனியில் ஆளைக் கவிழ்ப்பது வயது இல்லை, நேரம். இருபத்தைந்து வயதுப் பையனும் தப்பான நேரத்தில் தப்பான சரிவில் நின்றால் விழத்தான் செய்வான். நமக்கு எலும்பு சீக்கிரம் முறியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டேராடூனிலிருந்து முசோரி, புரோலா, மோரி வழியாக ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சாங்க்ரி என்ற ஊர் வரும். உத்தரகாசி மாவட்டம். மரவீடுகளும் ஆப்பிள் தோட்டங்களும் உள்ள சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,400 அடி. நம் ஊட்டியே 7,300 அடிக்கு மேல். ஆக, புறப்படுகிற இடம் ஊட்டியைவிடத் தாழ்வு என்றதும் எனக்கு ஒரு அலட்சியம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்சி 12,500 அடி. தொட்டபெட்டாவின் தலையில் இன்னும் நாலாயிரம் அடி மலையைத் தூக்கி வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. முதல் நாள் காட்டு வழியாக ஜூடா கா தாலாப் என்ற ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும். மறுநாள் உச்சிக்குக் கீழே உள்ள முகாம். மூன்றாம் நாள் விடியுமுன் உச்சி, அன்றைக்கே இறக்கம். பெரும்பாலானவர்கள் போகிற கணக்கு இதுதான்.

நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. மார்கழிக் காலையில் வாசல் கோலத்தின் மேல் படிவதும் பனி. தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடப்பதும் பனி. இமயத்தில் இடுப்பளவு கிடப்பதும் பனிதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்ததால், பனி என்றால் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் ஒரே பாதையில் காலைக்கு ஒரு பனி, மத்தியானத்துக்கு ஒரு பனி.

முப்பத்துமூன்று வருடம் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போட்டவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன். மண் கரை போடும்போது முதலில் ஈரம் பார்ப்போம். காய்ந்த மண்ணின் மேல் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. அளவான ஈரம் இருந்தால் சில ஓட்டங்களிலேயே கல்லாகிவிடும். பனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அரிசி மாவு மாதிரி இருக்கும். கால் புதையும், ஆனால் வழுக்காது. அதில் நடப்பது களைப்பு, ஆபத்து குறைவு. அதன் மேல் இருநூறு முந்நூறு பேர் நடந்து போனால் காற்று வெளியேறி இறுகும். மத்தியானம் வெயில் பட்டு மேல்பரப்பு கொஞ்சம் உருகும். நாம் தேடுகிற அந்த 'அளவான ஈரம்' அப்போது கிடைத்துவிடும். ராத்திரி மறுபடி உறையும். இப்படி நாலைந்து நாள் நடந்தால், அத்தனை பூட்ஸும் சேர்ந்து ரோலர் வேலை செய்து, பாதை கண்ணாடி ஆகிவிடும்.

கூட்டம் போகிற வழி பத்திரமான வழி என்பது நம் ஊர்க் கணக்கு. வெள்ளியங்கிரியில் அது சரி. பனியில் கூட்டம் போன வழிதான் அதிகம் வழுக்கும். பக்கத்திலேயே கால் படாத பனி மெத்தையாகக் கிடக்கும், அதில் இரண்டடி தள்ளி நடக்கலாம் என்று தோன்றும். எல்லா இடத்திலும் அது நல்ல யோசனையும் இல்லை. மரத்தைச் சுற்றியும் பாறையை ஒட்டியும் பனி இறுகாமல் பொந்தாக இருக்கும். இடுப்பு வரை உள்ளே போய்விடும். சில இடங்களில் மேலே அப்பளம் மாதிரி ஒரு தோல் கட்டியிருக்கும், ஒரு கால் தாங்கும், மறு கால் உடைத்துக்கொண்டு இறங்கும். ஓடையின் மேல் பனி மூடியிருந்தால் கீழே தண்ணீர் ஓடுவது காதில் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்கே விலகலாம், எங்கே கூடாது என்பதை உள்ளூர்ப் பையன்களிடம்தான் கேட்க வேண்டும்.

மலையின் எந்த முகத்தில் நிற்கிறோம் என்பதும் முக்கியம். வடக்கு பார்த்த சரிவில் குளிர்காலம் முழுக்க வெயில் சரியாக விழாது. நாள் பூராவும் உறைந்தே கிடக்கும். தெற்கு பார்த்த சரிவு ஒன்பது மணிக்கே இளகத் தொடங்கும். ஒரு திருப்பம் திரும்பினால் வேறு பருவம். ரோடு சரிவாக இருந்தால் வண்டி வெளியே சாயாமலிருக்க வளைவில் வெளி ஓரத்தை உயர்த்துவோம். பனிப்பாதையில் நேர் எதிர்: உள் ஓரத்தில் மேலேயிருந்து பனி சரிந்து குவிந்து, பாதை எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே சாய்ந்திருக்கும். ரோடாக இருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

காலில் மாட்டிக்கொள்ள மைக்ரோஸ்பைக்ஸ் என்று ஒன்று தருவார்கள். பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, சங்கிலியில் சின்னச் சின்ன இரும்புப் பற்கள். உறைந்த பனியில் அது தெய்வம் மாதிரி. ஆனால் வெயில் ஏறிப் பனி இளகினால், ஈரப்பனி அந்தப் பற்களுக்கு நடுவில் கொழுக்கட்டையாக உருண்டு அடைத்துக்கொள்ளும். பல் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். பத்தடிக்கு ஒரு தரம் தடியால் பூட்ஸைத் தட்டி உதிர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நாங்கள் போனது ஒரு ஜனவரி. நானும், சித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரும். அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மலையேற்றத்தில் அப்படி ஒன்றும் ஆசை இல்லை. பனிமலையைக் கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்று வந்தார். உச்சி வேண்டும் என்று வந்தவன் நான்.

முகாமிலிருந்து அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டோம். தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். பாதை கெட்டியாக உறைந்து கிடந்தது. இரும்புப் பல் 'கறுக் கறுக்' என்று பிடித்தது. எங்கள் குழுவில் மற்றவர்கள் எல்லாம் முப்பதுக்குள். அவர்கள் சூரிய உதயத்துக்கே மேலே போய்விட்டார்கள். எங்கள் இருவரோடு சாங்க்ரிப் பையன் ஒருவன் வழிகாட்டியாக இருந்தான், இருபது வயது இருக்கும். எட்டரை மணிக்கு உச்சிக்குக் கீழே ஒரு தோள் மாதிரி இடத்தில் நின்றோம். ஸ்வர்காரோகிணி சிகரம் முழுசாகத் தெரிந்தது. பந்தர்பூஞ்ச்சும் தெரிந்தது. நண்பர் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி, சின்ன நோட்டில் பென்சிலால் நாலு கோடு இழுத்தார். விரல் விறைத்ததும் நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பையன் வானத்தைப் பார்த்தான், பிறகு பனியைக் காலால் உதைத்துப் பார்த்தான். "அங்கிள்ஜி, இங்கேயிருந்து திரும்பிடலாம். வெயில் ஏறுது" என்று இந்தியில் சொன்னான்.

"போயிரலாமுங்ணா. எனக்கு இது போதும்" என்றார் நண்பர்.

நான்தான், "இன்னும் அரை மணி நேரம்தான் வாத்தியாரே, இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றேன். கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்த தூரம், கட்டிய பணம், வீட்டில் சொல்லிவிட்டு வந்த பெருமை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. அவர் மறுத்துப் பேசும் சுபாவம் இல்லாதவர். எழுந்து வந்தார்.

அரை மணி என்றது ஒன்றேகால் மணி ஆயிற்று. உச்சியில் கற்களை அடுக்கி ஒரு சின்னச் சிவன் சன்னதி, திரிசூலம். கும்பிட்டோம். படம் எடுக்க இருபத்தைந்து நிமிடம் போனது; போன் குளிரில் இரண்டு முறை அணைந்து போனதால் அதற்கு ஒரு நேரம். இறங்கத் தொடங்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. காலையில் பல்லைப் பிடித்த அந்தப் பாதை அங்கே இல்லை. மேலே நாலு விரற்கடை ஈரப்பனி, அடியில் உருகாத பழைய கண்ணாடி. எண்ணெய் தடவின கல்லின் மேல் இட்லி மாவை ஊற்றின மாதிரி. பூட்ஸ் அடியில் கொழுக்கட்டை. முழங்கால் ஏற்கெனவே ஆறு மணி நேரம் உழைத்துக் களைத்திருந்தது.

பதினொரு மணிக்குச் சற்று முன்னால் எனக்கு முன்னே போன நண்பர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. உட்காரவில்லை, போய்க்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. முப்பது அடி இருக்கும். கீழே பாறைகள் இருந்தன, நல்லவேளை, அல்லது கெட்டவேளை. அதில் வலது கையை ஊன்றி நின்றார்.

நான் அந்த முப்பது அடியை இறங்கிப் போக இருபது நிமிடம் ஆயிற்று. பையன் எனக்கு முன்பே ஓடிப்போய்விட்டான். தடியின் ஒரு பகுதியைக் கழற்றி, தன் மப்ளரால் கையோடு சேர்த்துக் கட்டினான். நண்பரின் கையுறை உருண்டு எங்கோ போயிருந்தது. தன் கையுறையைக் கழற்றி அவருக்கு மாட்டினான். சாங்க்ரி வந்து சேரும்வரை அவன் வெறுங்கையோடுதான் அவரைத் தாங்கி வந்தான். இருட்டின பிறகுதான் ஊர் வந்தோம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கேட்டால் "குச் நஹீ" என்றான்.

புரோலாவுக்குப் போக ஜீப்புக்குக் காத்திருந்த நேரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டிப் போனவர்களின் குழுத்தலைவர் சான்றிதழ் கொடுத்தார். 'வெற்றிகரமாக உச்சியை அடைந்தார்' என்று போட்டு, எனக்கு ஒன்று, கையைத் தொட்டில் கட்டி வலியில் முனகிக்கொண்டிருந்த என் நண்பருக்கு ஒன்று. எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தாள், புனேயிலிருந்து வந்தவள். காலை ஆறு மணிக்கே தலைவலி அதிகமாகி, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று புரிந்து, தானே முடிவெடுத்து இறங்கியவள். அவளுக்குச் சான்றிதழ் இல்லை. அவள் கண் கலங்கி நின்றாள். அன்றைக்கு அந்த மலையில் எங்கள் கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். என்னுடைய காகிதம் அலமாரியில் கிடக்கிறது. சட்டம் போடவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: உச்சிக்குச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம். சின்ன விஷயம் என்பீர்கள். காலை எட்டரை மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவனின் தலைக்குள் அந்தச் சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது, பயணக் கணக்கில் ஒரு நாள் உபரியாக வேண்டும். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு என்று சொல்ல இடமில்லாத திட்டத்தில், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்ற அவசரம் தானாக வந்துவிடும். முதல் நாள் ராத்திரி ஒரு அடி புதுப்பனி விழுந்திருந்தால் நடக்கிற வேகம் பாதியாகும். திட்டத்தில் அந்தப் பாதிக்கு எங்கே இடம்? மூன்றாவது, வழிகாட்டும் உள்ளூர்ப் பையன் 'திரும்பு' என்றால் அதுதான் கடைசி வார்த்தை என்று புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவன் சம்பளம் எங்கள் திருப்தியில் தொங்குகிறது. அதனால்தான் அன்றைக்கு அவன் இரண்டாம் முறை வற்புறுத்தவில்லை. எங்கள் கட்டுமான இடத்தில் தார்க்கலவையின் சூட்டைப் பார்க்கிற ஆள் கடைநிலை ஊழியராகத்தான் இருப்பார். 'ஆறிப்போச்சு' என்று அவர் சொன்னால் லோடு திரும்பிப் போகும், கான்ட்ராக்டர் எவ்வளவு கத்தினாலும் சரி. ஆறின கலவையில் போட்ட ரோடு அடுத்த மழைக்குப் பெயர்ந்துவிடும் என்பதால் அந்த மரியாதை. மலையிலும் அந்த மரியாதை வேண்டும்.

'வாழ்க்கையில் ஒரு தரம்தான் போகிறோம், உச்சியைப் பார்க்காமல் வருவதா?' என்று கேட்கிறவர்களுக்கு எனக்கு நம் ஊர்ப் பதில் ஒன்று இருக்கிறது. வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடியோடு ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் மலையிலோ ஆறாம் மலையிலோ ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன சொல்வார்? "இந்த வருசம் சாமி கூப்பிடலைங்க." அவ்வளவுதான். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிடுவார். கூட வந்தவர்களும் கேலி பேசுவதில்லை. சாமி விஷயம் ஆயிற்றே. தோற்றவன் என்ற பேச்சே இல்லாமல் ஒரு ஆளை மலையிலிருந்து இறக்கிவிடும் வார்த்தை அது. அந்த மாதிரி ஒரு வார்த்தை பனிமலை ஏற்றத்தில் இல்லை. எட்டரை மணிக்கு அது என் வாயில் வந்திருக்கலாம். நான் சிவன் கோவிலுக்குத்தானே ஏறிக்கொண்டிருந்தேன்?

ஸ்வர்காரோகிணி என்றேன். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போன வழி என்பார்கள். முதலில் திரௌபதி விழுந்தாள், பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். தருமர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். அவர் திரும்பி வரும் உத்தேசத்தோடு போகவில்லை, அதனால் அவருக்கு அது சரி. நமக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது.

அதே மாவட்டத்தில் திரௌபதி கா டண்டா என்று ஒரு மலை உண்டு. 2022 அக்டோபர் 4ஆம் தேதி, நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்சியாளர்களும் அங்கே பனிச்சரிவில் சிக்கினார்கள். 27 பேரின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால்; அந்த வருடம் மே மாதம்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறு நாளுக்குள் ஏறியிருந்தவர். அவர்கள் போனது நம் மாதிரி ஆட்கள் போகிற மலை இல்லை, நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். தெரிந்தவர்களையும் பனி கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2024 ஜூன் தொடக்கத்தில், பெரும்பாலும் கர்நாடகத்துக்காரர்கள் இருந்த 22 பேர் குழு ஒன்று சஹஸ்ர தால் என்ற ஏரிப்பக்கம் நடந்து திரும்பி வரும்போது பனிப்புயலில் மாட்டியது. ஒன்பது பேர் இறந்து போனார்கள், அவர்களில் நம் வயதுக்காரர்களும் உண்டு. மாதத்தைப் பாருங்கள், ஜூன். திரும்பி வரும்போது என்பதையும் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'போகாதே என்கிறார்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போங்கள். தேவதாரு மரத்துக் கிளையிலிருந்து பனி பொடிப்பொடியாக உதிர்ந்து வெயிலில் மின்னுவதை நம் கண் ஒரு தரமாவது பார்க்க வேண்டும். ஆனால் நம் வயதுக்கென்று சில காரியங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைப் பார்த்து, எந்த உயரம், என்ன குளிர் என்று சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், உறைந்தால் வீண். பருத்திப் பனியன் வேண்டாம். வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும், கண் வெந்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், உறைவது மேலிருந்துதான்.

சொல்லக் கூச்சமான ஒன்றும் உண்டு, ஆனால் இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள். ராத்திரி கூடாரத்தை விட்டு வெளியே போக வேண்டுமே என்ற பயத்தில் நம் வயதுக்காரர்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். நானும் செய்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்தால் தலைவலியும் தள்ளாட்டமும் வரும், எது உயரத்தால் எது தாகத்தால் என்றே தெரியாது. ஒரு அகலவாய் பாட்டிலைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எத்தனை மணி என்பதற்கு வருகிறேன். எல்லா மலைக்கும் ஒரே மணி கிடையாது. நான் இப்போது போடுகிற கணக்கு: செங்குத்தான பகுதியின் அடிக்கு, வெயில் பனியை இளக்குவதற்கு முன்னால் நான் இறங்கியிருக்க வேண்டும். கேதார்கண்டாவில் அது சுமார் பத்து மணி. என் முழங்காலுக்கு அந்தப் பகுதியை இறங்க ஒன்றரை மணி நேரம். அப்படியானால் எட்டரைக்குத் திரும்பியாக வேண்டும், நிற்பது எந்த இடமாக இருந்தாலும். உச்சி நூறடியில் தெரிந்தாலும் எட்டரை எட்டரைதான். இதை முதல் நாள் ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து முடிவு செய்து, கூட வருகிறவர்களிடமும் வழிகாட்டியிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மேலே போய் முடிவு செய்யலாம் என்றால், மேலே இருக்கும் மூளை கீழே இருந்த மூளை இல்லை. எனக்கு இல்லை.

நண்பரின் மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடியது. ஆனால் முழுசாக மடங்குவதில்லை. இப்போதும் வரைகிறார். கோபுரத்தின் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கொண்டுவரும் கோடு ஒன்று போடுவார், பார்க்கவே அழகாக இருக்கும். அது முன்போல ஓடுவதில்லை என்று அவரே சொன்னார். என்னிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர் வீட்டம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

இதை எழுதலாமா என்று நேற்றுச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எழுதுங்ணா, அதுக்கென்ன" என்றார். ரேஸ்கோர்ஸில் பார்த்தவரைப் பற்றியும் சொன்னேன். உள்ளே போய்ப் பரணில் கொஞ்ச நேரம் உருட்டினார். ஊருக்கு வந்த பிறகு அடுத்த தடவைக்கு என்று அவர் வாங்கி வைத்த மைக்ரோஸ்பைக்ஸ் ஒரு ஜோடி, அட்டைப்பெட்டியோடு பிரிக்காமல் இருந்தது. "எனக்கு இனி எங்கே? அவருக்குக் குடுத்துருங்க. பனி ஒட்டுனா தட்டிவிட்டுட்டு நடக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

பெட்டி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.